பென் டிரைவில் பைத்தான், கிட்: டிரைவ் எழுத்து மாறும்போது நேர்ந்தவை

நிர்வாகி அனுமதி இல்லாத விண்டோஸ் கணினிகளிலேயே பெரும்பாலும் வேலை செய்ய நேர்வதால், பைத்தான் நிரல்மொழி, நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோட், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் ஆகிய மூன்றையும் ஒரே பென் டிரைவில் வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். விஎஸ் கோட் சிறிதும் தொல்லை தரவில்லை. அதன் ஜிப் கோப்பைப் பிரித்து, உள்ளே 'டேட்டா' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கிவிட்டால், நீட்சிகளும் அமைப்புகளும் அதற்குள்ளேயே சேர்ந்துகொள்கின்றன.

பைத்தான் அப்படி விடவில்லை. பைத்தான் தளத்தில் கிடைக்கும் 'எம்பெடபிள்' ஜிப்பில், தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் இருப்பதில்லை என்பதால், கணினியில் நிறுவாமலே இயங்கும் வின்பைத்தானை எடுத்துக்கொண்டேன். அது நன்றாகவே ஓடியது. ஆனால், ஒரு கணினியில் ஈ டிரைவாகத் தெரிந்த பென் டிரைவ் இன்னொன்றில் ஜி டிரைவாகத் தெரிந்தபோது, அதில் உருவாக்கியிருந்த வென்வ் (ஒரு திட்டத்துக்கான தனிப் பைத்தான் சூழல்) அடியோடு படுத்துவிட்டது. வென்வ் உருவாகும்போதே மூலப் பைத்தானின் முழுப் பாதையையும் தன் அமைப்புக் கோப்பில் 'ஹோம்' என்ற வரியாக எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த வரியைத் திருத்தியதும் பைத்தான் எழுந்துகொண்டது. பிப் மட்டும் எழவில்லை, ஏனெனில் அதன் இயக்கக் கோப்புக்குள்ளேயும் பழைய பாதை பதிந்திருக்கிறது. இதனால் இப்போது வென்வை நான் சுமப்பதே இல்லை. தேவையான தொகுப்புகளின் பட்டியலையும், முன்கூட்டியே பதிவிறக்கிய, நிறுவத் தயாரான வீல் கோப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, இணையம் இல்லாத இடத்திலும் வென்வைப் புதிதாக உருவாக்கிக்கொள்கிறேன்.

கிட்டில் சிக்கல் வேறு விதமாக வந்தது. 2022 ஏப்ரலில் வெளியான 2.35.2 பதிப்பிலிருந்து, ரெப்போ (கிட் கண்காணிக்கும் திட்டம்) கோப்புறையின் உரிமையாளர் யார் என்பதை கிட் சரிபார்க்கிறது. என் பென் டிரைவின் எக்ஸ்ஃபேட் வடிவமைப்பில் உரிமையாளர் விவரமே பதிவாவதில்லை என்பதால், உரிமை ஐயத்துக்குரியது என்று கூறி நின்றுவிடுகிறது. நம்பத்தக்க கோப்புறைகளைக் குறிக்கும் 'சேஃப் டைரக்டரி' அமைப்பில் பாதையைச் சேர்க்கலாம். ஆனால் அங்கேயும் டிரைவ் எழுத்து மாறினால் கதை பழையபடிதான். நட்சத்திரக் குறி இட்டு எல்லா இடத்தையும் அனுமதிப்போர் உண்டு. அந்தச் சரிபார்ப்பையே அணைப்பதற்கு அது சமம் என்பதால் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதிலாக, தான் இருக்கும் டிரைவ் எழுத்தைத் தானே கண்டறிந்து, நிரல்களைத் தேடும் இடங்களைச் சொல்லும் 'பாத்', பயனர் கோப்புறையைச் சொல்லும் 'ஹோம்' ஆகிய சூழல் மாறிகளை அமைத்து, சேஃப் டைரக்டரி வரியையும் அப்போதைக்கப்போது எழுதிக்கொள்ளும் ஒரு பேட்ச் கோப்பின் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) வழியாகவே அனைத்தையும் திறக்கிறேன். 'ஹோம்' பென் டிரைவைச் சுட்டுவதால் தொலைவிலுள்ள சேவையகத்துக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியும் அதில்தான் இருக்கிறது. டிரைவ் தொலைந்துபோகக்கூடியது என்பதால், கடவுச்சொற்றொடர் இல்லாத சாவியை அதில் வைப்பதில்லை.

வேகத்தைப் பொறுத்தவரை, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கொண்ட நோட் மாட்யூல்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தின் தொகுப்புகள் சேரும் இடம்) கோப்புறையைப் பென் டிரைவில் வைப்பது வீண் வேலை. அதைக் கணினியின் தற்காலிகக் கோப்புறையில் நிறுவிவிட்டு, முடிந்ததும் அழித்துவிடுகிறேன். சில அலுவலகக் கணினிகளில், வெளி டிரைவிலிருந்து எந்த நிரலும் இயங்காதபடி கொள்கையளவிலேயே தடுத்திருப்பார்கள். அங்கு இவை எதுவும் செல்லாது, நிர்வாகியிடம் அனுமதி கேட்பதே வழி.