பன்னா கோட்டா (க்ரீமை உறையவச்சுச் செய்யற இத்தாலி இனிப்பு) ரவை ரவையா வருது, அடியில தண்ணி நிக்குது. என்ன செய்யலாம்?

பாளை மருமகள்

வர்ற ஞாயிறு மாமாவுக்கு மணிவிழா. அம்பாசமுத்திரத்துல பெரிய வீட்ல வச்சு நடக்குது. பெங்களூர்ல இருந்து வர்ற நாத்தனார் பிள்ளைங்க பாயசம் வேண்டாம், பன்னா கோட்டாதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குதுங்க. நானும் சரின்னுட்டேன். ஒத்திகை பாத்ததுல சரியா வரல, அதான் கேக்குதேன்.

எங்க வீடு சைவம். ஜெலட்டின் எலும்புல, தோல்ல இருந்து எடுக்கறதுன்னு தெரிஞ்சா அத்தை அந்த ஏனத்தையே வெளிய போட்டிருவாவ. அதனால உறையவைக்கறதுக்கு சைனா கிராஸ் வாங்கினேன். இழையா வருமே, பத்து கிராம் பாக்கெட், அது.

அளவு: ஃப்ரெஷ் க்ரீம் 250 மில்லி (அட்டைப்பெட்டியில வர்றது, 25 சதவீதம் கொழுப்பு), பால் 250 மில்லி, சைனா கிராஸ் 5 கிராம், சீனி 60 கிராம். கிராஸை ஊறப்போட்டு ஒரு கப் தண்ணியில காய்ச்சிக் கரைச்சேன். க்ரீம் சூடானா திரிஞ்சிருமோன்னு பாலையும் க்ரீமையும் அடுப்புல ஏத்தவே இல்ல. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தமேனிக்குக் கலந்து, அதுல கிராஸ் தண்ணிய ஊத்தினேன். சீக்கிரம் உறையட்டும்னு ஃப்ரீசர்ல ஒரு மணி நேரம் வச்சு, அப்புறம் கீழ்த்தட்டுக்கு மாத்தினேன்.

இன்னொரு ஏனத்துல சீனிக்குப் பதிலா கருப்பட்டி. அது கரையணுமேன்னு அதுக்கு மட்டும் பாலோட சேத்துக் கொதிக்க வச்சேன். மத்ததெல்லாம் அதே மாதிரிதான்.

ரெண்டுமே நாக்குல ரவை ரவையா தட்டுது. ஸ்பூனை விட்டா மேல கெட்டி, அடியில வெளுத்த தண்ணி. மேல போட்ட மாம்பழக்கூழ் சரியாத்தான் நிக்குது, ஆனா நுங்கு போட்ட கிண்ணத்துல எல்லாம் தண்ணி விட்டு மேலயும் குளம்.

என்ன காரணம்? ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ண முடியுமா, இல்ல பேசாம சேமியாவுக்குப் போயிரவா?

தென்காசி அடுமனை

சைனா கிராஸ்ல பன்னா கோட்டா வராது. ஜெலட்டின் பொடி, அரை லிட்டருக்கு 5 கிராம். கவுத்துத் தட்டணும்னா 7. பச்சத்தண்ணியில பத்து நிமிஷம் ஊறவிட்டு, சூடான க்ரீம்ல கரைக்கணும். கொதிக்க விடக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

பாளை மருமகள்

அண்ணே, சைவம்னு மேலயே எழுதியிருக்கேனே!

தென்காசி அடுமனை

பாத்தேன். இருந்தாலும் உள்ளதைச் சொல்லணும்ல. இத்தாலியில பியட்மாண்ட் பக்கத்துப் பண்டம் இது. க்ரீம், பால், சீனி, வனிலா, ஜெலட்டின், வேற ஒண்ணும் கிடையாது. வாயில வச்சதும் கரையுதே, அது ஜெலட்டினாலதான். 35 டிகிரிக்குள்ளயே உருகிரும், வாய்ச் சூடு 37. சைனா கிராஸ்ங்கற கடல்பாசி உருக 85 டிகிரி வேணும். அதை மென்னுதான் முழுங்கணும். செய்யுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அது வேற பண்டம்.

உடன்குடி அண்ணாச்சி

தங்கச்சி, ரெண்டாவது ஏனத்துல என்ன நடந்திருக்குன்னு எனக்குத் தெரியும். கருப்பட்டியப் பாலோட கொதிக்க விட்டா பால் திரியும். எங்க ஊர்க்காரங்களக் கேட்டுப் பாருங்க, கருப்பட்டிக் காப்பிக்குப் பால் ஊத்தணும்னா காப்பிய இறக்கி, சூடு கொஞ்சம் தணிஞ்ச பெறவுதான் ஊத்துவாங்க. நாக்குல தட்டுற ரவையெல்லாம் திரிஞ்ச பாலுதான். கருப்பட்டியத் தனியா பாகு காய்ச்சி, துணியில வடிகட்டி (மண்ணு நிக்கும்), ஆறவச்சு மேல ஊத்துங்க. உள்ள கலக்க வேண்டாம்.

பாளை மருமகள்

அண்ணாச்சி, அது சரின்னே வச்சுக்கிடுவோம். சீனி போட்ட ஏனத்துல பால் அடுப்பையே பாக்கலையே, அதுலயும் ரவை இருக்கே?

மேலப்பாளையத்துக்காரி

நீங்க சைனா கிராஸ்னு சொல்றதும் நாங்க கடல்பாசின்னு சொல்றதும் ஒண்ணுதான்மா. நோன்பு திறக்க எங்க வீட்ல முப்பது நாளும் இது இருக்கும். பால்ல, இளநில, ரோஸ் சர்பத்துல எல்லாத்துலயும் போட்டுக் காய்ச்சி கைக்குப் பழகினது. அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த ரவை என்னன்னு கண்டுபிடிக்கணும். பாலா, பாசியா? ஆளாளுக்கு ஊகிக்க வேண்டியதில்ல. ரெண்டு ஏனத்துல இருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்துத் தனித்தனியா சின்னச் சட்டியில போட்டு அடுப்புல வைங்க. சும்மா சூடு காட்டினா பத்தாது, தளதளன்னு கொதிச்சு ரெண்டு நிமிஷம் நிக்கணும். பாசியா இருந்தா முழுசா கரைஞ்சு வழவழன்னு ஆயிரும். திரிஞ்ச பாலா இருந்தா கரையவே கரையாது, இன்னும் இறுகி ரப்பராத்தான் ஆகும். செஞ்சு பாத்துட்டு வந்து சொல்லுங்க.

என் சந்தேகம், வெள்ளை ஏனத்துல இருக்கறது பாசிதான். கடல்பாசி 40 டிகிரி பக்கத்துல வந்தாலே உறைய ஆரம்பிச்சிரும், அதுக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம். நீங்க சூடான பாசித் தண்ணிய ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த க்ரீம்ல ஊத்தியிருக்கீங்க. பட்ட எடத்துலயே அது துணுக்குத் துணுக்கா உறைஞ்சிருக்கும். நீங்க கலக்கக் கலக்க இன்னும் பொடிப்பொடியா உடைஞ்சிருக்கும். பாசி பூரா அந்தத் துணுக்குக்குள்ள போய் உக்காந்துக்கிட்டா, மத்த எடத்துல புடிச்சு வைக்க ஆளில்ல. அடியில தண்ணி நிக்கறதுக்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஃப்ரீசர். கடல்பாசியை உறையவச்சு இளகவிட்டா உள்ள இருக்குற தண்ணிய வெளிய விட்டிரும். ஜப்பான்ல இந்தக் கிராஸ் இழையையே அப்படித்தான் தயாரிக்காங்க: பாசிய வேகவச்சு உறையவச்ச கட்டிய ராத்திரிக் குளிர்ல போட்டு, பகல் வெயில்ல இளகவிட்டு, தண்ணி வடிஞ்சு காஞ்ச பெறவு மிஞ்சறதுதான் நீங்க பாக்கெட்ல வாங்கறது. அந்த வேலையத்தான் உங்க ஃப்ரீசரும் செஞ்சிருக்கு. கீழ்த்தட்டே போதும், ரெண்டு மணி நேரத்துல தயாராயிரும்.

அந்த ஒரு கப் தண்ணி வேற இருக்கு. க்ரீமும் பாலும் சேந்து அரை லிட்டர், அதுல 200 மில்லி தண்ணி போனா அப்புறம் க்ரீம் எங்க இருக்கும்? தண்ணிய அரை கப்பாக்குங்க.

தென்காசி அண்ணே, 35 டிகிரிக்குள்ள உருகற சாமானை ஆனி மாசத்துல, முற்றத்துப் பந்தல்ல, முப்பது பேருக்கு இலை போட்டு முடிக்கிற வரைக்கும் நிக்க வச்சுக் காட்டுங்க பாப்போம்.

தென்காசி அடுமனை

அது நியாயம். ஏசி ஹால்னு நெனச்சுட்டேன்.

பாளை மருமகள்

அக்கா, இப்பதான் பாத்துட்டு வாரேன். வெள்ளை ஏனத்துல இருந்து எடுத்தது கொதிச்சதும் முழுசாக் கரைஞ்சு போச்சு, கரண்டியில எடுத்து வெளிச்சத்துல பாத்தா ஒரு புள்ளி இல்ல. கருப்பட்டி ஏனத்துல பாதி கரைஞ்சுது, மீதி குட்டிக்குட்டியா நிக்குது. அதை வெரல்ல நசுக்கிப் பாத்தேன், பனீர்க் கட்டி மாதிரி இழுபடுது.

அப்போ அண்ணாச்சி சொன்னதும் சரி, நீங்க சொன்னதும் சரி! வெள்ளைய மறுபடி காய்ச்சி ஊத்திரலாமா, வீணாத்தானா?

மேலப்பாளையத்துக்காரி

தாராளமா காய்ச்சலாம். கடல்பாசியோட சௌகரியமே அதுதான், உருக்கி உருக்கி உறையவைக்கலாம். அடி கனமான சட்டி, நிதானமான தீ, கைவிடாம கிண்டணும். ஒரு கொதி வந்து ரெண்டு நிமிஷம், இறக்கி வடிகட்டி ஊத்துங்க. க்ரீம் திரியும்னு நெனச்சுப் பயப்படாதீங்க. புளிப்பு சேராத வரைக்கும் பாலோட சேந்த க்ரீம் ஒரு கொதியில ஒண்ணும் ஆகாது.

ஞாயித்துக்கிழமைக்கு இப்படிச் செய்யுங்க. ஒரு லிட்டர் ஒரு லிட்டரா காய்ச்சுங்க, மூணு லிட்டரையும் ஒரே அண்டாவுல போட்டா ஊத்தி முடிக்கிறதுக்குள்ள ஓரம் உறைஞ்சிரும். லிட்டருக்கு க்ரீம் 500, பால் 300, தண்ணி 200, சீனி 100 கிராம். இழைப் பாசின்னா 7 கிராம்ல ஆரம்பிங்க, பொடின்னா 4. இழைய கத்திரியால பொடிசா நறுக்கி அரை மணி ஊறவிட்டு, ஊறின தண்ணியோடயே காய்ச்சுங்க. கரைஞ்சிட்டான்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, அகப்பைய முக்கித் தூக்கிச் சரிச்சுப் பாத்தா முதுகுல கண்ணாடி நூலா ஒட்டியிருக்கும். அந்த நூல் ஒண்ணுகூட இல்லாத வரைக்கும் கொதிக்கட்டும். பக்கத்து அடுப்புல பால், க்ரீம், சீனி மூணும் ஆவி பறக்கற சூட்டுல தயாரா இருக்கணும். சூட்டோட சூடு சேரணும், அது முக்கியம். வடிகட்டி ஊத்தி, சேந்த பெறவு இன்னும் ஒரு நிமிஷம் அடுப்புல வச்சு இறக்குங்க.

கிண்ணத்துல ஊத்தறதுக்கு முன்னால ஒரு எவர்சில்வர் தட்டுல ஒரு ஸ்பூன் விட்டு ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நிமிஷம் வைங்க. தட்டைச் சாய்ச்சா நடுங்கணும், ஆனா ஓடக் கூடாது. வெரல் பட்டா முழுசா எழும்பி வருதுன்னா பாசி கூடிப்போச்சு, இன்னும் ஒரு டம்ளர் சூடான பால் சேருங்க. ஓடுதுன்னா கொஞ்சம் பாசியத் தனியா கரைச்சு ஊத்துங்க. பாக்கெட்டுக்குப் பாக்கெட் பாசி மாறும்மா, நான் அளவை நம்பறதே இல்ல, தட்டைத்தான் நம்புவேன்.

கவுத்துத் தட்டற ஆசைய விட்டிருங்க. கவுக்கணும்னா பாசி கூட வேணும், கூடினா தென்காசி அண்ணன் சொல்ற மாதிரி மெல்ல வேண்டியிருக்கும். கிண்ணத்தோட குடுத்தா இளசா வைக்கலாம். அவர் கடை ருசி வராது, அதை ஒத்துக்கிடுதேன். ஆனா நல்ல ருசி வரும்.

தென்காசி அடுமனை

லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன் சோளமாவு ஆறின பால்ல கரைச்சு அந்தக் கொதியில விட்டுப் பாருங்க. பாசிய 5 கிராமுக்குக் குறைச்சிரலாம். வாயில கொஞ்சம் க்ரீமா நிக்கும். இதையாவது எங்கிட்ட இருந்து வாங்கிக்கோங்க.

பாளை மருமகள்

ஹாஹா, வாங்கிக்கிட்டேன் அண்ணே. பழத்துக்கு என்ன பண்ண? நுங்குத் தண்ணிதான் இன்னும் இடிக்குது.

உடன்குடி அண்ணாச்சி

நுங்கை முன்னாலயே மேல போட்டு வைக்காதீங்க. தோலை உரிச்சு, நறுக்கி, வடிதட்டுல போட்டு வைங்க. பரிமாறற நேரத்துல துணியில ஒத்தி மேல வைக்கணும். அதுக்கு மேல கருப்பட்டிப் பாகு ஒரு ஸ்பூன். உங்க நாத்தனார் பிள்ளைங்க இத்தாலிய மறந்திரும்.

குத்தாலச் சாரல்

இங்க சீசன் ஆரம்பிச்சாச்சு, மங்குஸ்தான் வந்துட்டு. கவனிச்சு உரிச்சு வெள்ளைச் சுளைய மட்டும் வைங்க. தோலோட சாறு பட்டா கசக்கும், பட்டுச்சேலையில பட்டா கறை போகவே போகாது. ரம்புட்டானும் நல்லாருக்கும். ஒரு சந்தேகம், அன்னாசி போடலாமா? எங்க வீட்ல நிறைய கிடக்கு.

தென்காசி அடுமனை

ஜெலட்டின்ல பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி, அத்தி எதுவுமே ஆகாது. அதுல இருக்குற நொதி ஜெலட்டினை அறுத்துத் தண்ணியாக்கிரும். கடல்பாசி புரதம் கிடையாது, அதனால உறையும். ஆனா பால்ல இருக்குறது புரதம்தானே, பச்சை அன்னாசி மேல உக்காந்து நேரமாச்சுன்னா கசப்பு வரும். எதுல போட்டாலும் சீனி போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க வச்சு ஆறவச்சுப் போடுங்க, நொதி செத்துரும்.

மேலப்பாளையத்துக்காரி

மாம்பழமும் அதே மாதிரிதான், கூழை கொஞ்சம் சீனியும் ஒரு மூடி எலுமிச்சையும் விட்டு நாலு கொதி கொதிக்க விட்டா நீர் சுண்டி, கிண்ணத்துல எறங்காம நிக்கும். முழுசா ஆறின பெறவு ஊத்துங்க, புளிப்பு பால்ல கலக்காம மேல நிக்கணும். அடி நல்லா உறைஞ்சுதான்னு பாத்துட்டு ஊத்துங்க.

பாளை மருமகள்

மாம்பழம் பாதிக்கு, மங்குஸ்தான் பாதிக்கு. நுங்கு பெரியவங்களுக்கு மட்டும். சனிக்கிழமை ராத்திரியே பாளையில காய்ச்சி, காலையில ஐஸ் பெட்டியில வச்சு அம்பைக்குக் கார்ல கொண்டு போயிரலாம்னு இருக்கேன். பழத்தை அங்க போய்ப் போட்டுக்கிடுதேன்.

கடைசியா ஒண்ணு. திரிஞ்ச அந்தக் கருப்பட்டி ஏனம் முக்கா லிட்டர் இருக்கு. கொட்ட மனசில்ல.

உடன்குடி அண்ணாச்சி

மிக்ஸியில ரெண்டு பழுத்த வாழைப்பழத்தோட போட்டு நல்லா ஓட்டுங்க, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். டம்ளர்ல ஊத்திக் குச்சி சொருகி ஃப்ரீசர்ல வைங்க. ஐஸா சாப்பிட்டா திரிஞ்சது யாருக்கும் தெரியாது.