பக்கம் திறக்கக் காத்திருந்த கதை: உங்களிடமும் ஒன்று இருக்குமே?

திண்ணைவாசி:

எங்கள் ஊர்க் கோயில் இணையதளம். பெயர் வேண்டாம். குடமுழுக்கு நேரம் பார்த்துச் சொல்லு என்று பெரியப்பா அவர் போனை என்னிடம் நீட்டினார். விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு, ஆனால் சிக்னல் முழுசாக இருந்தது. முகவரியைத் தட்டினேன். கோபுரப் படம் வந்தது. சிவப்புப் பட்டை வந்தது. நன்கொடைப் பொத்தானுக்கான மஞ்சள் கட்டம்கூட வந்தது. எழுத்து மட்டும் எங்கேயும் இல்லை, எல்லாக் கட்டமும் காலி. "என்னப்பா, ஒண்ணுமே எழுதாம விட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். அவர் பையில் போட்ட பிறகு எழுத்து வந்திருக்கும். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம் கணினியில் நோண்டிப் பார்த்தேன். ஒரே தமிழ் எழுத்துருவை நான்கு தடிமன்களில், நான்கு தனிக் கோப்புகளாக இறக்குகிறார்கள். அது வந்து சேரும்வரை பிரவுசர் எழுத்தை மறைத்தே வைத்திருக்கும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அப்படி 3 விநாடி வரை பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனில் இருக்கும் எழுத்துருவில் காட்டும். தளத்தின் நிரலில் 'ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்' என்று ஒரு வரி எழுதினால் போதும், மறைக்காமல் உடனே காட்டிவிடும். குரோமில் இது 2017 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்றை எதற்கு இறக்க வேண்டும் என்பது தனிக் கேள்வி. நிர்வாகியிடம் சொன்னேன். "டிசைனர் பார்த்துப்பார்" என்றார். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.


பழைய நோக்கியா:

எழுத்து வரவில்லை என்றதும் எனக்கு ஓப்பரா மினி என்ற பழைய போன் பிரவுசர் ஞாபகம்தான் வருகிறது. ஹாஸ்டலில் ஜாவா போன் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் வரிசை வரிசையாகக் கட்டங்கள். போனில் தமிழ் எழுத்துருவே கிடையாது. தலைப்பு எது, செய்தி எது என்று கட்டங்களின் நீளத்தைப் பார்த்துக் கணித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சீனியர் அண்ணன் ஒருவர் போனை வாங்கி முகவரிப் பட்டையில் 'ஓப்பரா:கான்ஃபிக்' என்று அடித்தார். ஒரு பட்டியல் வந்தது. கடைசிக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் என்று இருந்த இடத்தில் 'யெஸ்' வைத்துச் சேமித்தார். ரீலோடு கொடுத்தார். கட்டங்கள் இருந்த இடத்தில் கொஞ்சம் பிசிறடித்த, ஆனால் படிக்க முடிகிற தமிழ். ஒரு விபத்துச் செய்திதான் அது, ஆனால் அறையில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அன்றிரவே அந்த மாடியில் எல்லார் போனிலும் 'யெஸ்'.

எழுத்து எல்லாம் படமாக வந்தன. அதனால் டேட்டா கொஞ்சம் கூடத்தான் போகும், ஆனால் யார் கவலைப்பட்டார்கள்? பக்கத்தை முதலில் ஓப்பராவின் சர்வர் வாங்கி, சுருக்கி, பிறகுதான் நமக்கு அனுப்பும். ஜிபிஆர்எஸ்ஸில் சாதாரண பிரவுசரில் திறக்கவே திறக்காத பக்கம் அதில் திறந்தது. இன்று அந்த வேலையை யார் செய்கிறார்கள்? குரோமில் டேட்டாவைச் சுருக்கித் தந்த லைட் மோடையும் 2022 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள்.


பழைய பதிவர்:

திண்ணைவாசி, எழுத்துரு மேல் மட்டும் பழி போடாதீர்கள். யூனிக்கோடின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் 72 குறியீடுகள்தான். தேவையில்லாத மொழிகளை வெட்டிவிட்டு வோஃப்2 என்ற சுருக்கிய எழுத்துருக் கோப்பாகக் கொடுத்தால், ஒரு நடுத்தரப் படத்தைவிடச் சின்னதாக இருக்கும். கொலைகாரன் வேறு எங்கோ இருப்பான்.

என் கதை: 2009 வாக்கில் நான் எழுதிக்கொண்டிருந்த வலைப்பூ ஒரு நாள் காலையில் வெள்ளையாக நின்றுவிட்டது. நண்பர்களுடையதும் அப்படியே. எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பிறகுதான் தெரிந்தது, நாங்கள் எல்லோரும் பக்கத்தின் உச்சியில் ஒட்டியிருந்த ஒரே ஓட்டுப் பட்டையின் (வாசகர்கள் பதிவுக்கு ஓட்டுப் போடும் பட்டை) சர்வர் அன்று படுத்துவிட்டது. அவ்வளவுதான் கதை.

ஆனால் காரணம் இன்றைக்கும் மாறவில்லை, அதனால் சொல்கிறேன். பிரவுசர் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வரும். நடுவில் சாதாரணமாக எழுதிய ஸ்க்ரிப்ட் (பக்கத்தில் ஓடும் சின்ன நிரல்) ஒன்று குறுக்கிட்டால், அது எந்த ஊர் சர்வரில் இருந்தாலும் சரி, வந்து ஓடி முடியும்வரை அடுத்த வரியைத் தொடாது. அந்த சர்வர் செத்திருந்தால், இணைப்பு கிடைக்காது என்று பிரவுசர் கைவிடும்வரை வாசகர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் 'அசிங்க்', 'டிஃபர்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'அசிங்க்' போட்டால் ஸ்க்ரிப்ட் தன் பாட்டுக்கு இறங்கி, வந்த கணமே ஓடும். 'டிஃபர்' போட்டால் பக்கம் முழுக்கப் படித்து முடித்த பிறகு, எழுதிய வரிசையிலேயே ஓடும். ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் ஸ்க்ரிப்டுகளுக்கு 'டிஃபர்'தான் சரி. பார்வையாளர் எண்ணிக்கை, விளம்பரம் மாதிரி தனியாக ஓடுபவற்றுக்கு 'அசிங்க்' போதும்.

இன்னொன்றும் உண்டு. "ஜேக்வெரி என்ற ஸ்க்ரிப்டைப் பொது சிடிஎன்னிலிருந்து (பல தளங்கள் பகிரும் கோப்பு சர்வர்) எடுங்கள், வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கியிருக்கும், உங்களுக்குச் சும்மா கிடைக்கும்" என்று இன்னமும் பாடம் எடுக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. சஃபாரி முன்பே, குரோம் 2020இல், ஃபயர்ஃபாக்ஸ் 2021இல் கேஷை, அதாவது இறங்கிய கோப்புகளைப் பிரவுசர் சேமித்து வைக்கும் இடத்தை, தளவாரியாகப் பிரித்துவிட்டன. ஒரு தளத்தில் இறங்கிய கோப்பை வைத்து நீங்கள் வேறு எங்கே போனீர்கள் என்று உளவு பார்க்க முடிந்ததுதான் காரணம். ஆகவே இப்போது அந்தப் பொது சிடிஎன் உங்களுக்குக் கூடுதலாக ஒரு டிஎன்எஸ் தேடலும் (சர்வர் முகவரியைக் கண்டுபிடிப்பது) ஒரு புதிய இணைப்பும்தான். சொந்த சர்வரிலேயே வையுங்கள்.


சென்டர் அண்ணன்:

பெரிய பெரிய விஷயம் எல்லாம் பேசுகிறீர்கள். நான் பத்து மெஷின் வைத்துப் பிரவுசிங் சென்டர் நடத்தியவன். ப்ளஸ் டூ ரிசல்ட் நாள் என்றால் படியில் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு வருடம் ஒரு பெண், அப்பாவோடு வந்திருந்தாள். எண்ணும் பிறந்த தேதியும் போட்டுப் பொத்தானை அழுத்தியாயிற்று. மேலே வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. பின்னால் நிற்பவர்கள் எல்லாம் "ரீஃப்ரெஷ் பண்ணுங்க, ரீஃப்ரெஷ் பண்ணுங்க" என்று கத்துகிறார்கள். நான் எஃப்5 பக்கம் கையைக் கொண்டுபோனேன். அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அண்ணா, வரிசை போயிடும்." பிடி விடவே இல்லை. கடைசியில் பக்கம் வந்தது. படம் இல்லை, வண்ணம் இல்லை, பட்டை இல்லை. வெள்ளைப் பின்னணியில் பாடத்தின் பெயரும் மதிப்பெண்ணும் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றன. மற்ற எந்தக் கோப்பும் வந்து சேரவில்லை. அப்பாவுக்கு அது ரிசல்ட்தானா என்று சந்தேகம், "ஒரிஜினல்தானே தம்பி?" என்று மூன்று பேரிடம் கேட்டார்.

அந்தப் பெண் சொன்னது சரி. பாதியில் ரீஃப்ரெஷ் கொடுத்தால் நாம் முதலிலிருந்து வர வேண்டும், சர்வருக்கும் வேலை இரட்டிப்பு. அங்கே எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

பிரவுசர் மெதுவாக இருந்தால் தினமும் ராத்திரி ஹிஸ்டரி, கேஷ் எல்லாம் கிளியர் செய்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.


எஃப்12:

அண்ணா, ரிசல்ட் கதை பிரமாதம். ஆனால் கடைசி வரியை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தினமும் ராத்திரி மளிகை டப்பாக்களைக் கொட்டிவிட்டு, காலையில் உப்புக்குக்கூடக் கடைக்கு ஓடுவது மாதிரி அது. லோகோ, எழுத்துரு, ஸ்க்ரிப்ட் எல்லாம் மறுபடி இறங்க வேண்டும். பக்கம் தப்பாகத் தெரிகிறது, பழைய கோப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் கிளியர் செய்யலாம்.

மாமா வீட்டு லேப்டாப்பில் நடந்தது. "நெட் ஸ்லோ, கம்பெனிக்காரனை மாத்தணும்" என்று உட்கார்ந்திருந்தார். இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே செய்தித் தளத்தைத் திறந்தேன், பளிச்சென்று வந்தது. மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அது வேற நெட்டா?" என்றார். இன்காக்னிட்டோவில் கேஷ் காலியாகத்தான் தொடங்கும், நியாயமாக அது மெதுவாக இருக்க வேண்டும். வேகமாக இருந்தால் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் நாம் சேர்க்கும் துணை நிரல்) மேல், ஏனென்றால் நாமாக அனுமதித்தால் ஒழிய அங்கே எக்ஸ்டென்ஷன் ஓடாது. தள்ளுபடி கூப்பன் தேடித் தரும் ஏதோ ஒன்று, போகிற பக்கத்தில் எல்லாம் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. எடுத்தேன், சரியாகிவிட்டது.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைப் பாருங்கள். பக்கத்தை ரீலோடு செய்தால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டை வரும். முதல் பட்டையே நீளமாக, அதிலும் சர்வர் பதிலுக்குக் காத்திருக்கும் பகுதி நீளமாக இருந்தால், குற்றம் சர்வரில் அல்லது தூரத்தில். அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்குச் சென்னையிலிருந்து ஒரு தடவை போய்வரவே கால் விநாடி பக்கம் ஆகும். இணைப்புக்கு ஒரு தடவை, பாதுகாப்புக் கைகுலுக்கலுக்குப் பழைய முறையில் இரண்டு தடவை, டிஎல்எஸ் 1.3இல் ஒரு தடவை, பக்கத்தைக் கேட்க இன்னொரு தடவை. எத்தனை 5ஜி போட்டாலும் அந்தத் தூரம் குறையாது. முதல் பட்டை குட்டையாக இருந்து, கீழே நூறு பட்டைகள் தொங்கினால் அது விளம்பரமும் ஸ்க்ரிப்டும். நம் செய்தித் தளங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆயிரம் சொல் தமிழ்க் கட்டுரை, யூனிக்கோடு குறியீட்டுக்கு 3 பைட் வீதம் போட்டாலும் முப்பது கேபி பக்கம்தான் வரும். ஜிசிப் செய்தால் இன்னும் சுருங்கும். மீதி எம்பி எல்லாம் யாருக்காக இறங்குகிறது என்று அந்தப் பட்டியலே சொல்லும்.


இரவுப்பணி:

மெதுவாக வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நகர்ந்து வருவதைத்தான் முடியாது.

அம்மாவுக்கு மருத்துவர் நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன். நேரம் தேர்ந்தாயிற்று, 'உறுதிசெய்' என்ற பச்சைப் பொத்தான் கண்ணெதிரே இருக்கிறது. விரல் இறங்குகிற அந்தக் கணத்தில் மேலே ஒரு பேனர் வந்து குதித்தது. பக்கம் முழுவதும் ஒரு விரல் அளவு கீழே சரிந்தது. பச்சைப் பொத்தான் இருந்த இடத்தில் இப்போது 'திரும்பத் தேர்ந்தெடு'. என் விரல் அதன் மேல். திரும்பப் போனால் அந்த நேரத்தை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அம்மா பக்கத்திலேயே, "ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

படத்துக்கும் பேனருக்கும் அகலம், உயரம் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் பிரவுசர் இடத்தை ஒதுக்கி வைத்துவிடுமாம். எழுதினால் என்ன கேடு?


வலைக்கடை:

"டிசைனர் பார்த்துப்பார்" என்ற அந்த டிசைனர் சார்பாகப் பேச வந்திருக்கிறேன். நான் கோயில் தளம் செய்யவில்லை, ஆனால் அதே தொழில்தான்.

ஒரு நகைக்கடை. முதலாளி படங்களைப் போனில் எடுத்து அப்படியே அனுப்புவார், ஒவ்வொன்றும் பல எம்பி. நான் சுருக்கி வெப்பி என்ற சிறிய பட வடிவத்தில் போட்டால் "கல்லு மினுமினுப்பு போயிடுச்சு" என்று மறுபடி அசலையே ஏற்றச் சொல்வார். முகப்பில் ஐந்து படம் ஓடும் ஸ்லைடர் வேண்டும், அதில் சமரசமே இல்லை. ஒரு நாள் கடைக்குக் கூப்பிட்டு, மேசையில் போனை வைத்து, என் கண்முன்னே தளத்தைத் திறந்தார். டக்கென்று வந்தது. "ஸ்லோ ஸ்லோன்னியே, எங்க ஸ்லோ?" கடை வைஃபை, அவர் தினமும் திறக்கிற தளம், எல்லாப் படமும் அவர் போனிலேயே கிடக்கிறது. அதைச் சொன்னேன். "வாடிக்கையாளரும் தினம் பார்த்தா வேகமாயிடும்ல?" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

கூகுள் கேட்பது 2.5 விநாடிக்குள் பெரிய படமோ பெரிய எழுத்தோ திரையில் வர வேண்டும், அதுவும் நால்வரில் மூவருக்காவது. அவர்கள் கணக்கெடுப்பது ஊரில் இருப்பவர்களின் உண்மையான குரோமிலிருந்து, முதலாளியின் மேசையிலிருந்து இல்லை. போட்டிக் கடைத் தளத்தின் வேக மதிப்பெண்ணைக் காட்டிய பிறகுதான் ஸ்லைடர் ஒரு படமாகக் குறைந்தது. எஃப்12 சொன்ன பாடம் எல்லாம் எனக்கும் தெரியும் சார், பணம் கொடுப்பவருக்குத் தெரிய வேண்டுமே.

ஒன்று மட்டும் தொழில்காரர்களுக்கு: முகப்பில் முதலில் தெரியும் படத்துக்கு 'லேசி லோடிங்' (திரைக்கு அருகில் வரும்போது மட்டும் இறக்குவது) போடாதீர்கள். கீழே இருப்பவற்றுக்கு நல்லது, மேலே போட்டால் பிரவுசர் அந்தப் படத்தைத் தாமதமாகத்தான் கேட்கும். எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடும் ப்ளகின்கள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.


சென்டர் அண்ணன்:

எஃப்12 தம்பி, நான் சொன்னது 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க் மெஷினுக்கு. அதில் பத்துப் பேர் படம் இறக்கிவிட்டுப் போவார்கள். டிஸ்க் நிரம்பினால் மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அப்போது நீ வந்து பட்டை பார்த்திருக்க வேண்டும். அப்புறம், ஒருத்தர் திறந்து வைத்த மெயில் அடுத்தவருக்குத் தெரியக் கூடாது, அதற்கும்தான் கிளியர்.


எஃப்12:

டிஸ்க் நிரம்பிய மெஷினுக்கும், பொது மெஷினுக்கும் நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணா. நான் பேசியது வீட்டு லேப்டாப்புக்கு. இரவுப்பணி, ஆம், அகலமும் உயரமும் எழுதினால் ஒதுக்கிவிடும். ஆனால் விளம்பரப் பேனர் எந்த அளவில் வரும் என்று தளக்காரருக்கே முன்னால் தெரியாது, அதனால் வரக்கூடியதில் பெரிய அளவுக்கு இடம் விட வேண்டும். விளம்பரம் வராத நேரத்தில் அந்த இடம் காலியாகக் கிடக்கும் என்று விட மாட்டார்கள்.


திண்ணைவாசி:

வலைக்கடை, உங்களைச் சொல்லவில்லை. கோயில் தளத்து டிசைனர் நிர்வாகியின் மச்சினர்.