குரல் மாற்றியில் கரகரப்பு, எக்கோ, ரோபோ குரல்: கண்டதையும் தீர்த்ததையும் எழுதுவோம்

செந்தூல்

கேம் நேரலை, பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, நாடகத்துக்கு நாலு பாத்திரம் ஒரே ஆள் பேசுவது என்று குரல் மாற்றி (பேசும் குரலை உடனே வேறு குரலாக்கும் கணினிச் செயலி) வைத்து வேலை பார்ப்பவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நிறைய இருக்கிறோம். வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். என்ன கேட்டது, எங்கே சிக்கியிருந்தது, எதை எவ்வளவு மாற்றினால் நின்றது, இந்த மூன்றையும் உங்கள் ஊர்ப் பெயரை மேலே போட்டு எழுதுங்கள்.

தொடக்கத்திலேயே எல்லாரும் தடுக்கி விழும் இடம் விபி-கேபிள், ஒரு செயலியின் ஒலியை இன்னொன்றுக்குக் கடத்தும் மென்பொருள். அதை ஏற்றியதும் விண்டோஸில் இரண்டு பெயர் முளைக்கும். கேபிள் இன்புட் ஸ்பீக்கர் பட்டியலில் நிற்கும், கேபிள் அவுட்புட் மைக் பட்டியலில் நிற்கும். தலைகீழாகத் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம். அது ஒரு குழாய். குரல் மாற்றி இன்புட் முனையில் ஊற்றுகிறது, பேச்சுச் செயலியான டிஸ்கார்டோ நேரலைச் செயலியான ஓபிஎஸ்ஸோ அவுட்புட் முனையில் ஏந்திக்கொள்கிறது. ஆகவே குரல் மாற்றிக்குள் மைக் என்றால் உங்கள் நிஜ மைக், வெளியீடு என்றால் கேபிள் இன்புட். டிஸ்கார்டில் மைக் கேபிள் அவுட்புட், ஸ்பீக்கர் உங்கள் ஹெட்செட்.

எதிரில் பேசுபவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்டால், விண்டோஸின் டீஃபால்ட் ஸ்பீக்கர் கேபிளுக்கு மாறியிருக்கும். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி mmsys.cpl என்று தட்டினால் பழைய சவுண்ட் பெட்டி திறக்கும். பிளேபேக்கில் ஹெட்செட்டை டீஃபால்ட் ஆக்குங்கள். ரெக்கார்டிங்கில் மைக்கின் லிசன் பகுதிக்குள் போய் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். கம்யூனிகேஷன்ஸ் பகுதியில் டூ நத்திங் வையுங்கள். இல்லாவிட்டால் அழைப்பு வந்ததும் மற்ற சத்தத்தையெல்லாம் விண்டோஸ் தானாகவே 80 சதவீதம் தணித்துவிடும்.

எதையும் நோண்டும் முன் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவுச் செயலியில் நிஜ மைக்கிலிருந்து 10 நொடி, கேபிள் அவுட்புட்டிலிருந்து 10 நொடி பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். முதல் பதிவிலேயே கரகரப்பு இருந்தால் குரல் மாற்றிமேல் பழி இல்லை. சோதிக்க நல்ல வாக்கியம்: "வாழைப்பழத் தோலைப் பக்கத்துச் சட்டியில் போட்டாள்." ழ, ள, க்க, ட்ட எல்லாம் அதில் வந்துவிடும்.

ஆயர் ஈத்தாம்

அந்த இரண்டு பதிவிலும் பிடிபடாத ஒன்று உண்டு அண்ணே. மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை "டிக்" என்று ஒரு சொடுக்கு. 10 நொடிப் பதிவில் அது விழவே விழாது. 10 நிமிடம் ஓடவிட்டால்தான் தெரியும்.

யுஎஸ்பி மைக்குக்கு ஒரு கடிகாரம், ஹெட்செட்டுக்கு இன்னொன்று, கேபிளுக்கு வேறொன்று. எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித்துணுக்கு), என்று சொன்னாலும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 2.4 சாம்பிள் விலகும். 512 சாம்பிள் பஃபர் (ஒலி காத்திருக்கும் இடம்) சுமார் மூன்றரை நிமிடத்தில் காலியாகிவிடும், அப்போதுதான் அந்தச் சொடுக்கு. பஃபரை 1024 ஆக்கினால் சொடுக்கு ஏழு நிமிடத்துக்குத் தள்ளிப் போகுமே தவிர நிற்காது. ஒரே கருவியைத் தலைமைக் கடிகாரமாக வைப்பதுதான் வழி. மைக்கும் ஹெட்செட்டும் ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகினால் பாதிச் சிக்கல் போய்விடும். வாய்ஸ்மீட்டர் என்ற ஒலிக்கலவைச் செயலி வைத்திருந்தால் ஏ1 இடத்தில் நிஜக் கருவியைப் போடுங்கள், கேபிளைப் போடாதீர்கள். ஏ1 கருவியின் கடிகாரத்தைத்தான் மற்றவை பின்பற்றும்.

சவுண்ட் பெட்டியில் எல்லாக் கருவியிலும் அட்வான்ஸ்டு பகுதியில் 48000 என்று ஒன்றாக வையுங்கள். எக்ஸ்க்ளூசிவ் மோடு டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஒரு செயலி மைக்கைத் தனக்கே என்று பிடித்துக்கொண்டால் குரல் மாற்றிக்கு வெறும் அமைதிதான் கிடைக்கும்.

பட்டர்வொர்த்

தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டும் வரும் ஒன்றை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் வீடியோக்களில் இது இருக்காது.

நாய்ஸ் கேட் (சத்தம் குறைந்தால் மைக்கை மூடும் ஃபில்டர்) வைத்ததும் "பக்கத்து" என்பது "ப..அத்து" மாதிரி போகும். "அக்கா" வெறும் "அ..ஆ" ஆகிவிடும். நம் மொழியில் க்க, ட்ட, த்த, ப்ப எல்லாம் நடுவில் மூச்சை அடைத்து நிறுத்திப் பிறகு வெடிக்கிற ஒலிகள். அந்த அடைப்பு 100 மில்லி நொடிக்கு மேல் நீளும், அழுத்திச் சொன்னால் இன்னும் கூடும். அந்த நேரத்தில் மைக்கில் சத்தமே இல்லை. பேச்சு முடிந்தது என்று கேட் கதவை மூடுகிறது. வெடிப்பு வந்ததும் மெதுவாகத் திறக்கிறது. திறந்து முடிப்பதற்குள் க-வின் தலை போய்விட்டது, மிச்சம் உயிரெழுத்துதான்.

ஹோல்டு (மூடும் முன் காத்திருப்பது) 250 மில்லி நொடி, அட்டாக் (திறக்கும் நேரம்) 5, ரிலீஸ் (மூடும் நேரம்) 150 வைத்துப் பாருங்கள். ஓபிஎஸ் கேட்டில் தொடக்கத்திலேயே இருக்கும் எண்கள் அட்டாக் 25, திறக்கும் அளவு மைனஸ் 26 டெசிபல். அமைதியாகப் பேசுபவருக்கு அது ஆகாது. திறக்க மைனஸ் 42, மூட மைனஸ் 48 என்று தொடங்கி மேலே ஏற்றுங்கள். இன்னொன்று, கேட் குரல் மாற்றிக்கு முன்னால் இருக்க வேண்டும். ஓபிஎஸ்ஸில் கேபிள் அவுட்புட்மேல் வைக்கிற கேட் குரல் மாறிய பிறகுதான் வேலை செய்யும், உள்ளே போன இரைச்சலை அது தடுக்காது.

அடுத்தது ழ. பிட்சை, அதாவது குரலின் சுருதியை, மட்டும் ஏற்றி இறக்கும் பழைய வகைக் குரல் மாற்றியில் ழ கெடாது. ஆர்விசி மாதிரியான செயற்கை நுண்ணறிவு வகையில் "வாழை" சில நேரம் "வாலை" ஆகும். அது பேச்சிலிருந்து ஒலிகளைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தும் மாடல் ஆங்கிலப் பேச்சில் பயின்றது. போதாக்குறைக்கு, இன்டெக்ஸ் அளவு கூடக்கூட நம் ஒலியைப் பயிற்சிக் குரலில் இருக்கும் பக்கத்து ஒலியிடம் இழுத்துக்கொண்டு போகும். இன்டெக்ஸை 0.3க்குக் கீழே இறக்குங்கள், மெய்யொலியையும் மூச்சையும் காக்கும் புரொடெக்ட் 0.33 இருக்கட்டும். நிரந்தரத் தீர்வு, மாடலைத் தமிழ்க் குரலிலேயே பழக்குவது. இரைச்சல் இல்லாத 10 நிமிடத் தமிழ்ப் பேச்சு இருந்தால் தொடங்கலாம். அதில் ழ, ற, ஞ வரும் வாக்கியங்கள் வேண்டுமென்றே நிறைய இருக்கட்டும்.

கெப்போங்

ஆர்விசியை நேரலையில் ஓட்டும் டபிள்யூ-ஒகாடா கிளையண்டில் குரல் துண்டு துண்டாக வந்தால் இரண்டு எண்ணைப் பாருங்கள், பஃப் (ஒரு துண்டுப் பேச்சின் நீளம்), ரெஸ் (அதை மாற்ற ஆகும் நேரம்). ரெஸ் எப்போதும் பஃபைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மீறினால் கிராஃபிக்ஸ் கார்டு ஒரு துண்டை முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது என்று பொருள்.

துண்டின் அளவைச் சொல்லும் சங்க் எண்ணை 128ஆல் பெருக்கினால் சாம்பிள் கணக்கு. சங்க் 96 என்றால் 12288 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸில் 256 மில்லி நொடி. ரெஸ் 180 காட்டினால் தாராளம். கேம் திறந்ததும் 300க்குத் தாவினால் சங்கை ஏற்ற அவசரப்படாதீர்கள். முதலில் கேமின் ஃபிரேம் அளவை 60இல் கட்டுங்கள். கார்டை 100 சதவீதம் கேமே தின்றுகொண்டிருந்தால் குரலுக்கு மிச்சம் எங்கே? மொத்தத் தாமதம் 400 மில்லி நொடியைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வீர்கள்.

மாறிய குரலை நீங்களே ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு பேச வேண்டாம். 200 மில்லி நொடி பின்னால் வரும் தன் குரலைக் கேட்டால் யாருக்கும் நாக்குத் தடுமாறும். மானிட்டரை அணைத்துவிடுங்கள். நேரலையில் வாயசைவு முந்தினால் "டப்" என்று ஒரு சொல் சொல்லி மைக்கையும் கேபிளையும் இரண்டு டிராக்கில் பதியுங்கள், நடுவில் உள்ள இடைவெளியை அளந்து அதே அளவு கேமராவுக்கு டிலே கொடுங்கள்.

வாக்கியத்தின் கடைசியில் குரல் திடீரென்று கிறீச்சென்று எகிறினால், பிட்ச் தேடும் முறை ஒரு ஆக்டேவ் (சுருதி இரட்டிப்பாகும் தூரம்) தவறிவிட்டது. "வந்தது", "போனது" என்று முடிக்கும்போது நம் குரல் தழைந்து கரகரக்கும் இல்லையா, அங்கேதான் தவறும். பிட்ச் தேடும் முறைகளில் டியோவையோ பிஎம்மையோ விட்டு ஆர்எம்விபிஇ வையுங்கள்.

பாயான் லெப்பாஸ்

பேசாமல் இருக்கும்போது யாரோ முனகுவது போலக் கேட்டால் மின்சாரம்தான் காரணம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸ், ஆண் குரலின் அடிச்சுருதிக்குப் பக்கத்தில். குரல் மாற்றி அதையும் பேச்சென்று எடுத்து 12 செமிடோன் (அரைச்சுரம்; 12 சேர்ந்தால் ஒரு ஆக்டேவ்) ஏற்றினால் 200 ஹெர்ட்ஸில் பெண் முனகல் தயார்.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் கம்பிகள் வளையமாகி இரைச்சல் சுற்றுவது. மைக், லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். அப்படியும் போகாவிட்டால் அந்த வளையத்தை அறுக்கும் யுஎஸ்பி ஐசொலேட்டர் போடுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த்தை மட்டும் யாரும் துண்டிக்காதீர்கள். சத்தம் நிற்கலாம், ஆனால் ஷார்ட் ஆனால் லேப்டாப்பின் உலோக உடம்பே ஷாக் அடிக்கும்.

கண்டென்சர் மைக்கில் "பட் பட்" என்று வெடித்தால் ஈரப்பதம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்ததும் உள்ளே வியர்க்கும். அரை மணி நேரம் அறை வெப்பத்துக்குப் பழகவிட்டுப் பிறகு மாட்டுங்கள், வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சீலிங் ஃபேன் காற்று மைக்கில் மோதினால் 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழான ஒலியை வெட்டும் ஃபில்டர்) போதும். 120க்கு ஏற்றினால் ஆண் குரலின் அடிச்சுருதியையே வெட்டிவிடும், பிட்ச் தேடுவது தடுமாறும். தகரக் கூரையில் மாலை மழை கொட்டும்போது ஃபில்டரால் பயனில்லை. டைனமிக் மைக்கை வாயருகே 5 சென்டிமீட்டரில் வைத்துப் பேசுவதுதான் வழி.

மாறிய குரலைக் கணினியிலிருந்து கைபேசிக்கு வயரில் அனுப்புபவர்களுக்கு: ஹெட்ஃபோன் சத்தத்தை நேரே மைக் முனையில் கொடுத்தால் பிய்த்துக்கொண்டு கேட்கும். 10 கிலோ ஓம் மின்தடை தொடரில், 100 ஓம் கிரவுண்டுக்கு வைத்தால் 40 டெசிபல் குறையும். ஆனால் அந்த 100 ஓமைக் கைபேசி பொத்தான் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். அதனால் நடுவில் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், கைபேசிப் பக்கம் மைக்குக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம். கைபேசிப் பிளக்கின் நுனியிலிருந்து வரிசை: இடது, வலது, கிரவுண்டு, மைக்.

பிரிக்பீல்ட்ஸ்

டிஸ்கார்டில் மாறிய குரல் நீருக்கடியில் பேசுவது போலப் போனால், கிரிஸ்ப் (இரைச்சல் நீக்கி), எக்கோ கேன்சலேஷன், ஆட்டோமேட்டிக் கெய்ன் கண்ட்ரோல் மூன்றையும் அணையுங்கள். அரக்கன் குரலையும் ரோபோ குரலையும் கிரிஸ்ப் மனிதப் பேச்சென்று ஏற்காது, இரைச்சல் என்று சுரண்டி எடுக்கும். ஸூமில் ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ் என்பதைப் போடுங்கள்.

புளூடூத் ஹெட்செட் மைக் வேண்டாம். மைக் திறந்ததும் அது ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு இறங்கி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். ச, ஸ எல்லாம் மழுங்கிய பிறகு எந்த மாடலும் அதை மீட்காது. கேட்க மட்டும் புளூடூத், பேச வயர் மைக்.

பெண் குரலுக்கு எல்லாரும் 12 செமிடோன் ஏற்றுகிறார்கள். 110 ஹெர்ட்ஸில் பேசுபவர் 220க்குப் போவார். கதை சொல்ல அது உச்சம், 8 முதல் 10 வரை போதும். ஃபார்மன்ட் (தொண்டை, வாயின் அளவால் வரும் குரல் நிறம்) தனியாக உள்ள மாற்றியில் அதை 2 அல்லது 3 செமிடோன் மட்டும் ஏற்றுங்கள். பிட்சோடு சேர்த்து அதையும் ஏற்றினால் அணில் குரல்தான் வரும்.

அடுத்தவர் குரலை அவர் சம்மதம் இல்லாமல் மாடல் ஆக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உறவுக்காரர் குரலில் அவசரப் பணம் கேட்டு அழைப்பு வந்தால் வைத்துவிட்டு, அவருடைய பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மலேசியாவின் மோசடிப் புகார் எண் 997ஐக் கூப்பிடுங்கள்.

செந்தூல்

பிரிக்பீல்ட்ஸ் அக்கா சொன்ன ஃபார்மன்ட் அளவு சரியாக நிற்கிறது. மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: விபி-கேபிளுக்குப் பதில் பிளாக்ஹோல், பிறகு ஆடியோ மிடி செட்டப்பில் அக்ரிகேட் டிவைஸ் (பல கருவிகளை ஒன்றாகக் காட்டுவது) உருவாக்குங்கள். மைக்கைக் கடிகாரமாக வைத்து, பிளாக்ஹோலுக்கு எதிரே டிரிஃப்ட் கரெக்‌ஷன் டிக் போடுங்கள். ஆயர் ஈத்தாம் தம்பி சொன்ன அந்த "டிக்" அங்கே அதோடு நின்றுவிடும்.