கோத்தகிரி வளாக வீட்டின் தடுப்புச்சுவர்: கொத்து வேலை ஒப்பந்ததாரரை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: கோத்தகிரி மனைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த வீட்டுமனை வளாகம் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் பின்புறம், மேல்மனைக்கும் எங்கள் முற்றத்துக்கும் நடுவே 40 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட கருங்கல் தடுப்புச்சுவர் உள்ளது. கடந்த வடகிழக்குப் பருவமழையில் அதன் நடுப்பகுதி முற்றத்தை நோக்கிப் புடைத்துக்கொண்டு, இரண்டு இடங்களில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு விழுந்துவிட்டது. பிரித்துப் புதிதாகக் கட்டுவதே வழி என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சுவரை ஒட்டிய அறையில்தான் என் பெற்றோர் படுக்கிறார்கள் என்பதால் இதை இன்னொரு மழைக்காலம் வரை தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

மூன்று ஒப்பந்ததாரர்களிடம் மதிப்பீடு கேட்டேன். முதலாமவர் சுவரின் முகப்பைச் சதுர அடியில் அளந்து, பொருளும் கூலியும் சேர்த்துத் தொகை சொன்னார். மூன்றில் அதுவே மிகக் குறைவு. இரண்டாமவர் கட்டுமானத்தைக் கன அடியில் கணக்கிட்டார். மூன்றாமவர் பொருளை நாங்கள் வாங்கித் தர வேண்டும், தமக்குக் கூலி மட்டும் போதும் என்கிறார். இம்மூன்றையும் எப்படி ஒப்பிடுவது என்று தெரியவில்லை.

எங்கள் உரிமையாளர் சங்கத்துக்கும் சில விதிகள் உள்ளன. வெளியே தெரியும் சுவரின் முகப்பு வளாகத்தின் மற்றச் சுவர்களைப் போலவே இருக்க வேண்டும், பொதுச்சாலையில் ஜல்லியும் மணலும் கொட்டக் கூடாது, முன்வைப்புத் தொகை கட்டிய பிறகே ஆட்களை உள்ளே விடுவார்கள். இத்தகைய வளாகத்தில் வேலையை ஒப்படைக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும், ஒப்பந்தத்தில் எவற்றை எழுத வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், உதகை

மூன்று மதிப்பீடுகளையும் ஒரே அளவைக்குக் கொண்டுவராமல் தொகையைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். உங்கள் சுவரின் முகப்பு 40 × 8, அதாவது 320 சதுர அடி. அடியில் 4 அடியும் உச்சியில் 2 அடியும் கனம் வைத்துக் கட்டினால் சராசரிக் கனம் 3 அடி. தரைக்கு மேல் மட்டும் 960 கன அடிக் கட்டுமானம் வரும். அதே முகப்பை ஒன்றரை அடிக் கனத்தில் எழுப்பினால் 480 கன அடிதான். சதுர அடிக் கணக்கில் இவ்விரண்டும் ஒரே சுவர். மலைச்சரிவிலோ முன்னது நிற்கும், பின்னது சரியும். அடித்தளமும் இப்படித்தான். 5 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் இன்னும் 400 கன அடி சேரும். ஆகவே ஒவ்வொருவரிடமும் அடிக்கனம், உச்சிக்கனம், அடித்தளத்தின் அகலம், ஆழம், கலவை விகிதம் ஆகிய ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். குறைந்த தொகை எதனால் குறைந்தது என்பது அப்போது தானாகவே விளங்கிவிடும்.

ஆனால் ஒப்பந்ததாரரை எடைபோட நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: "சுவருக்குப் பின்னால் எதை நிரப்புவீர்கள்?"

நம் மலைகளில் தடுப்புச்சுவர்கள் பெரும்பாலும் மண்ணின் பாரத்தால் மட்டும் விழுவதில்லை. பின்னால் தேங்கும் தண்ணீர்தான் அவற்றைத் தள்ளுகிறது. எட்டு அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 3 டன் விசையுடன் அழுத்தும். அதனுடன் ஊறிய மண்ணின் தள்ளலையும் கூட்டினால், காய்ந்த மண் தரும் விசையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நிலச்சரிவுகளும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்த மழையும் நினைவில் உள்ளவர்களுக்கு இங்கே மழை எந்த அளவுக்குப் போகக்கூடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே "தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மிதித்துவிடுவோம்" என்று பதில் சொல்பவரை அந்த இடத்திலேயே விலக்கிவிடலாம். நம் செம்மண் களித்தன்மை உடையது; தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், விடாது. சுவரின் முழு உயரத்துக்கும் பின்னால் குறைந்தது ஓர் அடி அகலத்தில் உடைகல்லும் ஜல்லியும் நிரப்பி, மண் உள்ளே புகுந்து அடைக்காதபடி வடிகட்டித் துணி விரிக்க வேண்டும். சுவரில் மூன்று அல்லது நான்கு அங்குலக் குழாய்களை ஐந்தடிக்கு ஒன்றாக, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடம் மாற்றி, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் பதிக்க வேண்டும்; கீழ் வரிசை முற்றத்தின் தரைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மேல்மனையின் மழைநீர் சுவரின் தலையில் இறங்காதவாறு உச்சியை ஒட்டிச் சிமெண்ட் பூசிய கால்வாய் ஒன்றும் தேவை.

கல்லடுக்கிலும் கவனம் வேண்டும். முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் நல்ல கல்லை வைத்து நடுவில் துண்டுக்கல்லையும் கலவையையும் கொட்டி மூடுவது பரவலாக நடக்கும் தவறு. அப்படிக் கட்டினால் காலப்போக்கில் இரண்டு முகங்களும் பிரிந்து, முன்முகம் மட்டும் வயிறு தள்ளும். நீங்கள் சொல்லும் புடைப்பைப் படித்ததும் எனக்கு இந்த ஐயம்தான் எழுந்தது, பிரிக்கும்போது பாருங்கள். சுவரின் கனத்தை ஊடுருவிச் செல்லும் நீளக்கற்களை எத்தனை அடிக்கு ஒன்று வைப்பீர்கள் என்று ஒப்பந்ததாரரைக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

மேல்மனையில் சுவரை ஒட்டிக் கார் நிற்கிறதா, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்பதையும் பார்த்து, ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடம் வாங்கிய பிறகே வேலையை ஒப்படையுங்கள். மூவரும் ஒரே வரைபடத்துக்குத் தொகை சொன்னால் உங்கள் முதல் சிக்கலும் தீர்ந்துவிடும்.

பதில் 2: வளாகச் சங்கச் செயலாளர், குன்னூர்

பொறியாளர் ஐயா சுவரைப் பற்றிச் சொல்லிவிட்டார். வளாகத்துக்கு உரியவற்றை நான் சொல்கிறேன்.

அந்தச் சுவரைக் கட்டியது யார்? வளாகத்தை அமைத்தவரே கட்டி, வீடு உங்கள் கைக்கு வந்து ஐந்து ஆண்டுகள் முடியாமல் இருந்தால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி கட்டமைப்புக் குறையை அவரே செலவு வாங்காமல் சரிசெய்துதர வேண்டும். நீங்கள் தெரிவித்த 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும் என்பது அதன் 14ஆம் பிரிவு. இதைப் பார்க்காமல் ஒப்பந்ததாரரைத் தேடிப் பணத்தைச் செலவிட்டவர்களை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அந்தச் சுவர் உங்கள் மனையைச் சேர்ந்ததா, மேல்மனையைச் சேர்ந்ததா, வளாகத்தின் பொதுச்சொத்தா என்று பத்திரத்திலும் மனைப்பிரிவு வரைபடத்திலும் பாருங்கள். எதுவாக இருந்தாலும் மேல்மனைக்காரரின் எழுத்துப்பூர்வ இசைவின்றிச் சுவரைப் பிரிக்காதீர்கள். உங்கள் சுவரைக் கழற்றும் நாட்களில் அவருடைய மண்தான் பிடிமானமின்றி நிற்கும்.

அனுமதிகளை ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார் என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடக் கூடாது. நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியின்றி ஜேசிபி போன்ற இயந்திரங்களைக் கொண்டு மண் வெட்ட முடியாது. இரவோடு இரவாக இயந்திரத்தை இறக்கி முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நடவடிக்கை வந்தால் உங்கள் மீதும் வரும், சரிவுக்கும் அது கேடு. எந்த அனுமதியை யார் வாங்குவது என்பதை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

சங்க விதிகளின் நகலை ஒப்பந்தத்துடன் இணைத்து, ஒப்பந்ததாரரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வாங்குவது எங்கள் வழக்கம். வேலை நேரம், லாரியின் எடை, பொருளை இறக்கும் இடம், கலவை கழுவிய தண்ணீர் மழைநீர்க் கால்வாயில் போகாமல் பார்ப்பது ஆகியவை அதில் அடங்கும். முன்வைப்புத் தொகையிலிருந்து ஏதேனும் பிடித்தால் அது யார் கணக்கில் சேரும் என்றும் எழுதுங்கள். தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களா, விபத்துக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். சுவர் பிரிக்கும் வேலை ஆபத்தானது. பிழைப்புக்காக வருபவர் நம் முற்றத்தில் அடிபட்டால், பொறுப்பு யாருடையது என்று அதன்பிறகு வாதாடிக்கொண்டிருப்பது மனிதத்தன்மை அல்ல.

கோத்தகிரி மனைக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. வீடு எங்கள் கைக்கு வந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் அந்தப் பிரிவு எங்களுக்குப் பொருந்தாது. சுவர் எங்கள் மனையைச் சேர்ந்தது என்று வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. எந்த மாதத்தில் தொடங்குவது, பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பவற்றையும் யாராவது சொல்ல முடியுமா?

பதில் 3: கொத்து வேலை ஒப்பந்ததாரர், கோத்தகிரி வட்டாரம்

வணக்கம். நான் இந்தத் தொழிலிலேயே இருப்பவன். எங்கள் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் கனமானது. எனவே பனி தணியும் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ தொடங்கி, கோடை மழை வலுக்கும் முன் பின்நிரப்பு வரை முடித்துவிடுவது நல்லது. உதகையைப் போல இங்கே உறைபனி கடுமையாக இருப்பதில்லை. ஆயினும் குளிர் இரவுகளில் சிமெண்ட் இறுகுவது மிகவும் மெதுவாகிவிடும், 5 டிகிரிக்குக் கீழே போனால் ஏறக்குறைய நின்றேவிடும். அந்த நாட்களில் மாலையில் கட்டிய பகுதியைச் சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூட வேண்டும். குளிராக இருக்கிறதே, தண்ணீர் விட வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) வகைச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாட்களாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் விடும் ஆள் யாருடைய பொறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

சுவர் முழுவதையும் ஒரே நாளில் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். பத்தடி, பன்னிரண்டு அடியாகப் பிரித்து, அந்தப் பகுதியைக் கட்டி உயர்த்திய பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். நாள் கூடும், கூலியும் கூடும். ஆனால் பெற்றோர் படுக்கும் அறை பக்கத்தில் இருக்கும்போது வேறு முறையில் செய்ய நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நாட்களில் அவர்களை முன்பக்க அறைக்கு மாற்றிவிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்வதென்றால், முன்பணமே தர மாட்டேன் என்பதும் நடக்காது. ஜல்லியும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணல்) சமவெளியிலிருந்து மலைப்பாதையில் ஏறி வர வேண்டும். லாரிக்காரருக்குக் கையில் கொடுத்தால்தான் வண்டி கிளம்பும். முதல் லோடுகளுக்கு ஆகும் தொகையை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, மற்றதை வேலையின் நிலைகளுக்கு ஏற்பப் பிரியுங்கள். அடித்தளம் தோண்டியதும் ஆழத்தை நீங்களோ உங்கள் பொறியாளரோ நாடா பிடித்துப் பார்த்த பிறகு ஒரு தவணை. சுவர் பாதி உயரம் வந்து, பின்னால் ஜல்லியும் குழாயும் வைத்ததைப் பார்த்த பிறகு இன்னொன்று. உச்சிக் கால்வாய் முடிந்ததும் அடுத்தது. மண்ணுக்குள் மறையப் போகும் எதையும் நீங்கள் பார்க்காமல் மூடக் கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒழுங்காக வேலை செய்பவருக்கு அந்த வரியால் எந்த நட்டமும் இல்லை. கடைசியாக 5 முதல் 10 சதவீதத்தை நிறுத்திவைத்து, அடுத்த வடகிழக்கு மழை முடிந்து சுவர் அசையாமல் நின்றால் கொடுங்கள். நான் இதை ஏற்றுக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். ஆனால் மழை முடிந்ததும் அந்தப் பணத்தை இழுத்தடிக்காமல் தருவதும் உங்கள் கடமை.

பொருளை நீங்கள் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், மணலை லாரிப் பெட்டியை அளந்து, 100 கன அடி ஒரு யூனிட் என்று எண்ணி இறக்குங்கள். சிமெண்ட் மூட்டைகளைத் தரையில் போடாமல், பலகை மேல் அடுக்கி மூடி வையுங்கள். நம் ஊர் மூடுபனியிலேயே அது கட்டி பிடித்துவிடும். பழைய சுவரின் கருங்கல்லில் பெரும்பகுதி மறுபடியும் பயன்படும். அதைத் தனியே அடுக்கச் சொல்லி, புதுக்கல் கணக்கில் அது கழிக்கப்படுகிறதா என்று பாருங்கள். முகப்பு மற்றச் சுவர்களைப் போல இருக்க வேண்டும் என்ற சங்க விதிக்கும் அந்தக் கல்லே பொருத்தமானது.

பதில் 4: பெருமாள்மலை வாசி

நாங்கள் கொடைக்கானல் மலையில், இதேபோன்ற படிமனை வளாகத்தில் இருக்கிறோம். இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். சுவரிலிருந்து வெளியேறும் தண்ணீர் அதன்பிறகு எங்கே போகும்? எங்கள் வளாகத்தில் ஒரு வீட்டார் மிக நன்றாகச் சுவர் கட்டினார்கள். அந்தத் துளைகளின் தண்ணீர் முற்றம் வழியாகக் கீழ்மனையின் சுவருக்குப் பின்னால் இறங்கி, அடுத்த மழைக்கு அந்தச் சுவர் புடைத்தது. பிறகு சங்கமே முன்வந்து, அந்த வரிசையிலுள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரே ஒப்பந்ததாரரை அமர்த்தி, சுவரடிக் கால்வாய்களைப் பொதுக் கால்வாயோடு இணைத்தது. லாரிச் செலவும் வீட்டுக்கு வீடு குறைந்தது. உங்கள் வரிசையில் வேறு எந்தச் சுவராவது புடைத்திருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், உதகை

பெருமாள்மலை நண்பர் சொன்னது மிகவும் முக்கியமானது. நான் அதை முதலிலேயே சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மனைக்காரரே, வளாகத்தின் வடிகால் வரைபடத்தைச் சங்கத்திடம் கேட்டு வாங்கி, உங்கள் சுவரடிக் கால்வாய் எந்தக் குழியில் சேரும், அந்தக் குழியின் மட்டம் உங்கள் முற்றத்தைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று ட்யூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாயால் உயரத்தை ஒப்பிடும் முறை) பிடித்துப் பார்த்துவிடுங்கள். அந்தப் புள்ளியையும் வரைபடத்தில் குறித்த பிறகே மூவரிடமும் புதிதாகத் தொகை கேளுங்கள்.