பின்னால் தள்ளிக்கொண்டு வந்த கோழி: வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

செங்கலடி

மூன்று கிழமையாகிவிட்டது, இன்னும் மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வளவில் பதினொரு பிரவுண் லேயர் முட்டைக்கோழிகள். அதில் கழுத்தில் வெள்ளை இறகு உள்ளது முட்டையிடத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று காலை கூட்டில் கைக்குள் அடங்காத ஒரு முட்டை கிடந்தது, ஓட்டில் இரத்தக் கோடு. கண்டவுடனே கோழியைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். நான் முட்டையைக் கழுவி வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் அவசரத்தில் போய்விட்டேன்.

பத்து மணிக்கு வந்து பார்த்தால் மற்றக் கோழிகள் அதைத் துரத்துகின்றன. பின்னால் முட்டைக்குழாய் வெளியே தள்ளி, தக்காளிப்பழம் அளவில் சிவப்பாக, ஈரமாகத் தொங்குகிறது. ஒரு கோழி அதைக் கொத்தி இழுத்துவிட்டு, புழு அகப்பட்டதுபோல ஓடுகிறது. அதன் சொண்டு முழுக்கச் சிவப்பு. இப்போதும் கண்ணை மூடினால் அந்தச் சொண்டுதான் தெரிகிறது.

தெரிந்ததெல்லாம் செய்தேன். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கழுவினேன். மகள் துவாயால் சுற்றிப் பிடிக்க, கையுறை போட்டு, ஜெல் பூசி, மெதுவாக உள்ளே தள்ளினேன். விரலை எடுத்தால் திரும்பவும் வந்தது. மூன்றாம் தரம் ஐந்து நிமிடம் விரலை எடுக்காமலே பிடித்திருந்தேன். உள்ளே நல்ல சூடு. கோழியின் ஒவ்வொரு மூச்சும் விரலில் தெரிந்தது. “அம்மா, கண்ணை மூடுதும்மா” என்று மகள் அழத் தொடங்கிவிட்டாள். ஆனால் அந்தத் தரம் உள்ளே நின்றுவிட்டது.

முட்டையிடுவது நிற்கட்டும் என்று நான்கு நாள் இருட்டறையில் மட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். நன்றாகத் தின்றது, எச்சமும் ஒழுங்காகப் போட்டது. பாவம், தனியாகக் கிடக்கிறதே என்று ஐந்தாம் நாள் வெளியே விட்டேன். ஆறாம் நாள் முட்டையோடு முழுவதும் வந்துவிட்டது. நான் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மற்றவை மிச்சம் வைக்கவில்லை.

நான்கு நாள் போதாதா? இல்லை, தள்ளியதே பிழையா?

காத்தான்குடி

தள்ளியது பிழையில்லை அக்கா. வீக்கம் வற்றும் முன்னர் தள்ளினால் திரும்ப வரத்தான் செய்யும். எங்கள் உம்மா முதலில் சீனி போடுவா. சீனியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, தள்ளி நிற்கிற சதையெல்லாம் படும்படி அப்பி, கால் மணித்தியாலம் மடியில் வைத்திருப்பா. உப்பில் போட்ட தேசிக்காய் தண்ணி விடுமே, அதுபோலத்தான், வீக்கத்தில் கட்டி நிற்கிற நீரைச் சீனி வெளியே இழுக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்க உம்மாவின் மணிக்கட்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. தோடம்பழம்போல இருந்தது கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. சீனியைக் கழுவிவிட்டு விரலை வைத்தவுடன் தானாகவே உள்ளே போனது.

அந்தக் கோழி மறுகா இரண்டு நோன்புப் பெருநாள் கண்டது.

கொக்கட்டிச்சோலை

இது 2014இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முந்திய கதை. அப்போது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து அந்தப் பக்கம் போவதென்றால், பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும்.

எங்கள் பெத்தாவின் ஊர்க்கோழிக்குத் தள்ளியிருந்தது. ஆனால் தள்ளிய சதைக்குள்ளேயே முட்டையும் நின்றது. மெல்லிய தோல் மூடியபடி வெள்ளையாகத் தெரிகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டு மாமா ஊசியால் குத்தி உடைத்து எடுப்போம் என்றார். பெத்தா விடவில்லை. “உடைஞ்ச ஓடு உள்ளுக்குக் கீறிப்போடும் மனே, வைத்தியரிட்டக் கொண்டு போ” என்று சொல்லி, கடகத்தில் வைத்து ஈரத்துணியால் மூடித் தந்தா. ஒரு போத்தல் இளஞ்சூட்டுத் தண்ணீரும் தந்து, துணி காயக் காய ஊற்றச் சொன்னா. வழி முழுக்க அதுதான் எனக்கு வேலை.

பாதை நடு வாவியில் போகும்போது கடகத்துக்குள் கோழி எழும்பி முக்கியது. நான் இருந்த பலகைக்குப் பக்கத்தில் ஒரு மீன் வியாபாரி. இரண்டு பேருமாகக் குனிந்து துணியைத் தூக்கினோம். முட்டை உருண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், அப்படி ஒரு சூடு. இன்றைக்கும் அந்தச் சூடு உள்ளங்கையில் இருக்கிறது.

வைத்தியர் சதையை உள்ளே தள்ளி, எச்சம் போக இடம் விட்டுச் சுற்றி ஒரு தையல் போட்டார். ஈரம் விடாமல் வைத்திருந்ததால்தான் சதை காயாமல் தப்பியது என்றார்.

அக்கரைப்பற்று

சீனி, தையல் எல்லாம் சரி. ஏன் தள்ளியது என்று ஒருவரும் கேட்கவில்லையே? எங்கள் வீட்டிலும் ஒன்றுக்கு வந்தது, அன்றைக்கே செத்துப்போனது. அதிலிருந்து இதைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசிக்கிறேன், கேட்கிறேன்.

முட்டையிடும்போது எந்தக் கோழிக்கும் முட்டைக்குழாயின் கடைசிப் பகுதி ஒரு கணம் வெளியே புரண்டு வந்துதான் போகும். முட்டை எச்சம் படாமல் வெளியே வருவது அதனால்தான். வந்தது திரும்பிப் போகாமல் நிற்பதுதான் நோய். உடம்பு முற்றாத கோழி முட்டைக்கு வந்துவிட்டால் நடக்கும். இரட்டைக் கரு முட்டையால் நடக்கும். கொழுத்த கோழிக்கு நடக்கும். கல்சியம் குறைந்தாலும் நடக்கும். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் அளவில் கல்சியம் போகிறது, தசை சுருங்கி உள்ளே போகவும் அதுதான் வேண்டும். தீனில் இல்லாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கும். கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் இன்னும் மோசம். கோழி வாயைத் திறந்து இளைக்க இளைக்க ஓடு மெலிந்து போவதைக் கண்டிருப்பீர்கள். மட்டி ஓட்டை இடித்து வேறு சட்டியில் வையுங்கள், தீனோடு கலக்க வேண்டாம், வேண்டிய கோழி வேண்டிய அளவு பொறுக்கிக்கொள்ளும்.

செங்கலடி அக்கா, கூட்டில் இரவில் பல்ப் எரிகிறதா? எங்கள் பக்கம் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான். பல்ப் எரிந்தால் கோழியின் உடம்புக்கு அது நீண்ட பகல். வளர்ந்து முடியாததும் முட்டைக்கு வந்துவிடும், வந்தது நிற்காது. நான்கு நாள் போதாது என்பதும் இதனால்தான். கரு ஒன்றன்பின் ஒன்றாக முற்றி வரிசையில் நிற்கும், ஒன்று முட்டையாகி வெளியே வர 25 மணித்தியாலம் அளவில் எடுக்கும். நீங்கள் இருட்டில் வைத்தாலும் வரிசையில் நிற்பது வரத்தான் செய்யும். ஒரு கிழமை, பத்து நாள் வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் வெளிச்சம் காட்டக் கூடாது. அந்த நாட்களில் லேயர் மாஷ் என்கிற முட்டைக்கோழித் தீனை நிறுத்திவிட்டுக் குறுணல் கொஞ்சமாகப் போடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் கண்மட்டத்துக்குக் கலக்கக் கூடாது, ஒரு லீற்றருக்கு 9 கிராம், மட்டமான ஒன்றரைத் தேக்கரண்டி. கூடினால் எரியும். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த மூலவியாதிக் களிம்பையும் பூசிவிடாதீர்கள், பறவைக்கு அது கூடாது.

தம்பிலுவில்

அக்கரைப்பற்று அண்ணன் பல்பிலேயே நிற்கிறார். எங்கள் கோழிக்கூட்டுக்குக் கரண்டே இல்லை. ஊர்க்கோழி, நான்கு வயது, இரவில் முருங்கை மரத்தில் படுக்கிறது. அதற்கும் வந்ததே. மிஞ்சிய சோறும் தேங்காய்ப்பூவும் தின்று தின்று அடிவயிறு தலையணைபோல இருந்தது. எங்களுக்கு அதுதான் காரணம்.

நாங்கள் கண்டது இரண்டாம் நாள். நுனி கறுத்துக் காய்ந்து, தொட்டால் குளிர்ந்திருந்தது. சிவப்பாகச் சூடாக இருக்கும்வரைதான் தள்ளிப் பார்க்கலாம். கறுத்துக் குளிர்ந்தால் அந்தச் சதை செத்துவிட்டது, உள்ளே தள்ளினால் அழுகலையும் சேர்த்துத்தான் தள்ளுவோம். ஒருவரும் இதை எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் குந்தினார். சிரட்டையில் தண்ணீர் வைத்தார். அது குடித்தது, தலையை உயர்த்தி விழுங்கியது, திரும்பவும் குடித்தது. போதும் என்று அது நிறுத்தும்வரை அப்பா காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தார். சமைக்கவில்லை, தென்னையடியில் தாட்டோம்.

செங்கலடி

எல்லோருடையதையும் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

அக்கரைப்பற்றுத் தம்பி, பல்ப் எரிந்ததுதான். முட்டைக்காக இல்லை, மரநாய் வருகிறதென்று விடிய விடிய எரியவிட்டிருந்தோம். வெளிச்சம் இப்படியும் செய்யும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நேற்று அதைக் கழற்றிவிட்டு, கம்பி வலையை இரட்டையாகக் கட்டினோம். இரவு இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்தேன், மரநாய் வரவில்லை.

இன்று காலை ஒரு முட்டையில் மெல்லிய இரத்தக் கோடு. அதைக் கழுவவில்லை. மகள் டோர்ச் பிடிக்க, பத்துக் கோழியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தேன். ஒன்பது சுத்தம். ஒன்றுக்கு மட்டும் ஓரம் வீங்கிச் சிவந்திருக்கிறது, வெளியே ஒன்றும் தள்ளவில்லை. அதை உடனே அறைக்குள் கொண்டுவந்து பெட்டியில் வைத்துவிட்டேன். சன்னலுக்குப் படங்கு கட்டியாயிற்று. மகள் கலண்டரில் இன்றிலிருந்து பத்து நாளுக்கு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.