மடிப்பு டிரெய்லரின் கூரை ஒரு மூலையில் மட்டும் தாழ்ந்து நிற்கிறது

கேள்வி:
வணக்கம். மிச்சிகனில் வசிக்கும் நான், 2008-இல் தயாரான மடிப்பு டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் சென்று, கூரையை உயர்த்தித் தங்கும் கித்தான் சுவர் வண்டி) ஒன்றைச் சென்ற இலையுதிர் காலத்தில் வாங்கினேன். குளிர்காலம் முடிந்து வின்ச்சைச் (கைப்பிடியால் சுழற்றி வடத்தை இழுக்கும் கருவியைச்) சுழற்றிக் கூரையை உயர்த்தியபோது, பின்புற வலது மூலை மட்டும் நான்கு விரற்கடை தாழ்ந்து நிற்பதையும், கித்தான் சுவர்களில் கரும்புள்ளிகள் படர்ந்திருப்பதையும் கண்டேன். இவற்றை நானே சரிசெய்ய இயலுமா?

மறுமொழி 1:
கூரைக்கு உறுதியான முட்டுக் கொடுக்காமல் தயவுசெய்து உள்ளே நுழையாதீர்கள். வடத்தால் உயரும் கூரைகள் பலவற்றில், வின்ச் இழுக்கும் முதன்மைக் கம்பிவடத்துடன் ஒவ்வொரு மூலைக்கும் தனி வடம் கப்பிகள் வழியாகச் செல்கிறது. ஆகவே ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால், அதற்குரிய வடம் நீண்டிருக்கலாம், இழை பிரிந்திருக்கலாம், அல்லது கப்பி துருவேறி இறுகியிருக்கலாம். வெறும் தளர்ச்சி என்றால் சரிசெய்யும் திருகை இறுக்கிப் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் வடத்தை மாற்றிவிடுவதே என் உறுதியான கருத்து, ஏனெனில் மீதி இழைகள் எப்போது அறும் என்று யாராலும் கணிக்க முடியாது.

மறுமொழி 2:
கித்தானை வினிகர் கலந்த நீரால் மென்மையாகத் துடைத்து, முற்றிலும் உலரவிடுங்கள். பிளீச் தையல் நூலையும் நீர்புகாப் பூச்சையும் கெடுத்துவிடும். மழையில் மடிக்க நேர்ந்தால், ஓரிரு நாளுக்குள் மீண்டும் விரித்துக் காயவைக்க வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், டயர்களைப் பாருங்கள். பக்கச்சுவரிலுள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2318 என்றிருந்தால், அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே முதுமையால் வெடிப்பதுண்டு. சக்கர பேரிங்குகளுக்கும் ஆண்டுக்கொருமுறை புதிய கிரீஸ் இடுங்கள்.