மூன்று குளிசை போட்டும் அம்மாவின் பிரஷர் இறங்கவில்லை

நிலாவெளி_மகள்:
அம்மாவுக்கு 52 வயது. அம்லோடிபைன், லோசார்டன், சலம் போகிற குளிசை மூன்றையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன், ஆனாலும் போன கிழமை கிளினிக் கொப்பியில் 170/100 என்று எழுதியிருக்கிறது. பொட்டாசியம் 3.1தான், குறைவு. இரவில் கெண்டைக்கால் இழுத்து எழும்பிவிடுகிறா. கருவாட்டை நிறுத்தியும் பயனில்லை. அல்டோஸ்டிரோன், ரெனின் பார்க்க வேண்டுமாம், இரத்தம் கொழும்புக்குப் போகுமாம். இது என்ன ஹோர்மோன்? பயமாக இருக்கிறது.

உப்புவெளி_அண்ணா:
பயப்படாதீங்கோ தங்கச்சி, கேட்ட டொக்டர் நல்ல டொக்டர். எனக்குப் பத்து வருஷம் "உப்பைக் குறை, யோசிக்காதே" என்றுதான் சொன்னார்கள், ஒருத்தரும் இதைப் பார்க்கவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பியில் சுரப்பதுதான் அல்டோஸ்டிரோன். உப்பைப் பிடித்துவை, பொட்டாசியத்தை வெளியே விடு என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதுதான். ரெனின் என்பது சிறுநீரகம் விடும் நொதி, வழக்கமாக அது ஏறினால்தான் இதுவும் ஏறும். ரெனின் அடங்கிக் கிடக்கும்போதும் இது தன்பாட்டில் சுரந்தால் அதுதான் கொன் என்ற அமெரிக்க டொக்டர் 1955இல் எழுதிய நோய். மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கும். பலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருப்பதால்தான் தவறிப்போகிறது. எனக்கு இரண்டு பக்கமும் சுரந்ததால் ஒப்பரேஷன் இல்லை, அல்டோஸ்டிரோன் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலக்டோன் குளிசைதான். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தச் சுரப்பியை எடுக்கலாம்.

லேப்_தம்பி:
அக்கா, முதலில் பொட்டாசியத்தை ஏற்றச் சொல்லிக் கேளுங்கோ, அது குறைந்திருந்தால் அல்டோஸ்டிரோனும் குறைத்துக் காட்டும். உப்பை இறுக்கிக் குறைத்தாலும், லோசார்டனும் சலக் குளிசையும் போட்டாலும் ரெனின் ஏறி, ரெனினுக்கு அல்டோஸ்டிரோன் எத்தனை மடங்கு என்று பார்க்கும் விகிதம் குறைந்து நோய் மறைந்துபோகலாம், ஆனால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டர் சொல்லட்டும். காலையில் எழும்பி இரண்டு மணித்தியாலமாவது நடமாடி, பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் இரத்தம் கொடுக்க வேண்டும். ரெனின் குழாயை ஐஸ் பெட்டியில் வைக்கவிடாதீங்கோ, குளிரில் ரெனின் கூடுதலாகக் காட்டும்.

நிலாவெளி_மகள்:
நன்றி அண்ணா, தம்பி. அம்மா மூன்று மாதமாகத் தொண்டைக்கு அதிமதுரக் கஷாயம் குடிக்கிறா, அதையும் சொல்லவா?

லேப்_தம்பி:
அக்கா, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்! அதிமதுரம், கோர்டிசோல் என்ற இன்னொரு அட்ரினல் ஹோர்மோனை உடைக்கும் நொதியைத் தடுக்கும், அப்புறம் கோர்டிசோலே அல்டோஸ்டிரோன் வேலையைச் செய்யும். பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், ஆனால் அல்டோஸ்டிரோனும் ரெனினும் இரண்டுமே குறைவாக வரும். கஷாயத்தை இன்றைக்கே நிறுத்துங்கோ, விடிந்ததும் டொக்டரிடம் சொல்லுங்கோ.